பேபி ஐட்டம் எதெல்லாம் வாங்கணும், எதெல்லாம் வேண்டாம்: புது அப்பா அம்மாவுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்களுக்கு மொத குழந்தை வரப்போகுதுன்னு தெரிஞ்சப்ப நான் நெட்ல இருந்து ஒரு செக்லிஸ்ட் எடுத்தேன், நாலு பக்கம் இருந்துச்சு. அதுல வைப்ஸை சூடு பண்றதுக்குன்னே ஒரு மெஷின், அதையும் வாங்கினோம், ரெண்டு வாரத்துல மேல இருக்குற வைப்ஸ் எல்லாம் காஞ்ச காகிதம் மாதிரி ஆயிடுச்சு, அப்புறம் அது ப்ளக்கை விட்டு எறங்கி பரண்ல ஏறிடுச்சு. அதே வீட்ல ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு குழந்தைக்கு ஒடம்பு சுடுற மாதிரி இருக்கேன்னு பாத்தா, தெர்மாமீட்டர் இல்ல. நாலு பக்க லிஸ்ட்ல அது நாலாவது பக்கத்துல இருந்துருக்கு, நாங்க மூணாவது பக்கத்தோட களைச்சுப் போயிட்டோம்.

ரெண்டாவது குழந்தைக்கு லிஸ்ட்டே எடுக்கல. அப்ப எப்படி முடிவு பண்ணோம்ங்கிறதைத்தான் இங்க படிப்படியா எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், நேரம் இருக்குறப்ப படிங்க, குழந்தை பொறந்தப்புறம் அந்த நேரம் கெடைக்காது.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். நீங்க பாக்குற லிஸ்ட்டை யார் எழுதுனதுன்னு பாருங்க. விக்கிறவங்க போடுற லிஸ்ட்ல "இது வேண்டாம்"னு ஒரு வரி கூட இருக்காது.

படி 1: பொருள் பேரை எழுதாதீங்க, வேலையை எழுதுங்க

ஒரு பேப்பர் எடுத்து, புதுசா பொறந்த குழந்தைக்கு ஒரு நாள்ல என்னென்ன நடக்கும்னு எழுதுங்க. தூங்கும். பால் குடிக்கும். கக்கும். ஒண்ணுக்கு, ஆய் போகும். அழும், தூக்கணும். அப்பப்ப குளிக்கும். எப்பவாவது வெளிய போகும். எப்பவாவது ஒடம்பு சரியில்லாம போகும். அவ்வளவுதாங்க, எட்டு வரிக்கு மேல வராது. கடையில இருக்குற நூத்துக்கணக்கான ஐட்டமும் இந்த எட்டு வேலையில ஏதோ ஒண்ணைத்தான் செய்யுது, நிறைய ஐட்டம் ஒரே வேலையை வேற வேற கலர்ல செய்யுது.

இப்ப ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்துல, வீட்ல ஏற்கனவே இருக்குறது எது அந்த வேலையை செய்யும்னு எழுதுங்க. உதாரணத்துக்கு சேஞ்சிங் டேபிள். அதோட வேலை என்ன, குழந்தையைப் படுக்க வெச்சு டயபர் மாத்துறது. அதுக்கு தேவை ஒரு தட்டையான இடம், கீழ விரிக்க தண்ணி ஊறாத ஒரு ஷீட், கைக்கு எட்டுற தூரத்துல டயபர். தரையில மேட் போட்டா முடிஞ்சுது, அங்கிருந்து குழந்தை எங்கயும் விழாது. ஆனா சிசேரியன் ஆனவங்களுக்கும், முதுகுவலி இருக்குறவங்களுக்கும் தரையில குனிஞ்சு எழுந்திரிக்கிறது கொடுமை, ஒரு நாளைக்கு பத்து தடவை. அவங்களுக்கு இடுப்பு உயரத்துல ஒரு இடம் வேணும், அப்ப அது ஆடம்பரம் கிடையாது. அதனாலதான் சொல்றேன், பொருளை வெச்சு முடிவு பண்ணாதீங்க, உங்க வீடு, உங்க ஒடம்பு, உங்க வேலையை வெச்சு முடிவு பண்ணுங்க. உயரமான இடத்துல மாத்துறவங்க ஒரு கை எப்பவும் குழந்தை மேலயே இருக்கணும், பெல்ட் இருந்தாலும் சரி.

பேப்பர்ல மிஞ்சி நிக்கிற ஒவ்வொரு ஐட்டத்தையும் மூணு கேள்வி கேளுங்க. இது இல்லன்னா அந்த வேலை நடக்கவே நடக்காதா? இது எத்தனை மாசம் ஓடும்? இதை யாரு கழுவுவா? மூணாவது கேள்வி காமெடியா தெரியும், ஆனா நிறைய ஐட்டம் அதுலதான் செத்துப்போகும். ஏழு பார்ட் உள்ள பாட்டில் இருக்கு, அதை தினமும் எட்டு தடவை கழட்டி மாட்டணும், யோசிச்சுக்கோங்க.

படி 2: ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள வர தேதி, வெளிய போற தேதி போடுங்க

மொத தடவை நாங்க பண்ண பெரிய தப்பு இதுதான், ஒரு வருஷத்துக்கு வேண்டியது எல்லாத்தையும் பிரசவத்துக்கு முன்னாடியே வாங்கிக் குவிச்சது. குழந்தை உக்காந்து சாப்பிடுற ஹை சேர் ஆறு மாசம் அட்டைப்பெட்டியோட ஹால்ல நின்னுச்சு, அது மேல துணி காயப்போட்டோம்.

குழந்தையால எப்ப என்ன முடியும்ங்கிறதுதான் உங்க காலண்டர். ஒவ்வொரு குழந்தையும் வேற வேற, ஆனா பொதுவா, மொத மூணு மாசம் தலை நிக்காது. நாலுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள குப்புற விழும். ஆறு மாசம் சுமாருக்கு புடிச்சா உக்காரும், திட உணவு ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் சில மாசத்துல தவழும், ஒரு வயசு சுமாருக்கு நடக்கும். இதை வெச்சு பாத்தா, துணியில சுத்தி வைக்கிற ஸ்வாடில் குப்புற விழ முயற்சி பண்ற அன்னிக்கே வெளிய போகணும், கை கட்டி இருக்குறப்ப கவுந்துட்டா திரும்ப முடியாது. பச்சைக் குழந்தைக்குன்னு வர குட்டிப் படுக்கை, பேசினெட்டும் கிட்டத்தட்ட அதே நேரத்துல வெளிய போயிடும். ஹை சேர் ஆறு மாசம் வரைக்கும் உள்ளயே வர வேணாம். ஷூ, வெளிய நடக்குற வரைக்கும் வேணாம், அந்த குட்டி ஷூ எல்லாம் போட்டோவுக்குத்தான்.

இப்படி தேதி போட்டீங்கன்னா பிரசவத்துக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது ரொம்ப கொஞ்சம்தான்னு புரியும்: தூங்க பத்திரமான ஒரு இடம், கார்ல போறவங்களா இருந்தா கார் சீட், ஒரு வாரத்துக்கு டயபர், கொஞ்சம் துணி, பால் எப்படி குடுக்கப் போறீங்களோ அதுக்கு வேண்டியது, தெர்மாமீட்டர். மிச்சத்தை எல்லாம் தேவை வர அன்னிக்கு வாங்கலாம். கடை எங்கயும் ஓடிப்போயிடாது.

படி 3: தூங்குற இடம், இங்க மட்டும் சமரசம் வேண்டாம்

செலவழிக்கவும் நேரம் போடவும் தகுதியான ரெண்டு மூணு விஷயத்துல இது ஒண்ணு. விசித்திரம் என்னன்னா, இங்க பாதுகாப்புங்கிறது அதிகம் வாங்குறதுல கெடையாது, கம்மியா வாங்குறதுலதான் இருக்கு.

தேவை என்னன்னா, கெட்டியான தட்டையான மெத்தை, அதுக்கு இறுக்கமா பொருந்துற ஒரு ஷீட், சுத்தி கம்பியோ வலையோ. அதுக்குள்ள குழந்தை, மல்லாக்க. வேற ஒண்ணும் இல்ல. தலகாணி இல்ல, போர்வை இல்ல, பொம்மை இல்ல, ஓரத்துல கட்டுற பஞ்சு பம்பர் இல்ல. அமெரிக்க குழந்தைகள் மருத்துவ அகாடமி 2022ல வெளியிட்ட பரிந்துரையும் இதையேதான் சொல்லுது, கூடவே முடிஞ்சா மொத ஆறு மாசமாவது குழந்தை பெத்தவங்க ரூம்லயே, ஆனா தனி படுக்கையில தூங்கணும்னும் சொல்லுது. அப்ப "நர்சரி ரூம்" செட்டு மொத்தமும் மொத அரை வருஷத்துக்கு தள்ளிப் போடலாம், இது எங்களுக்கு மொத தடவை தெரிஞ்சிருந்தா சுவத்துக்கு பெயின்ட் அடிச்ச காசு மிஞ்சியிருக்கும்.

மல்லாக்க படுக்க வைக்கிறதை நிறைய பேர் இன்னும் நம்ப மாட்டேங்குறாங்க, பால் கக்கினா மூச்சடைச்சிடுமேன்னு பயம். ஆனா மல்லாக்க படுக்குறப்ப மூச்சுக்குழாய் மேல இருக்கும், உணவுக்குழாய் கீழ இருக்கும், கக்கினது மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போறது கஷ்டம். குப்புற படுத்தா தலைகீழ். 90கள்ல பிரிட்டன், அமெரிக்கா மாதிரி நாடுகள் "மல்லாக்க தூங்க வைங்க"ன்னு பிரச்சாரம் ஆரம்பிச்சப்புறம் தூக்கத்துல காரணம் தெரியாம குழந்தைங்க இறக்குறது பாதிக்குப் பாதி குறைஞ்சுது. அதுக்கு யாரும் எந்த கேட்ஜெட்டும் வாங்கல.

சரிவா படுக்க வைக்கிற ஐட்டங்கள் பத்தியும் சொல்லணும். ஃபிஷர் ப்ரைஸ் கம்பெனியோட ராக் அண்ட் ப்ளேன்னு ஒரு சரிவான ஸ்லீப்பர், அமெரிக்காவுல கிட்டத்தட்ட 47 லட்சம் பீஸ் வித்தப்புறம், குழந்தைகள் இறப்போட தொடர்பு வந்து 2019 ஏப்ரல்ல திரும்பப் பெற்றாங்க. சரிவுல படுத்தா தலை முன்னாடி சாஞ்சு, தாடை நெஞ்சுல முட்டி, குட்டி மூச்சுக்குழாய் மடங்கிடும், சத்தமே வராது. அப்புறம் 2022ல அமெரிக்கா சட்டமே போட்டுடுச்சு, 10 டிகிரிக்கு மேல சரிவுள்ள ஸ்லீப்பரும் பஞ்சு பம்பரும் விக்கவே கூடாதுன்னு. வித்துட்டு இருக்குங்கிறதால பாதுகாப்பானதுன்னு அர்த்தம் இல்ல, அவ்வளவுதான் நான் சொல்ல வர்றது.

கிரிப், அதாவது சுத்தி கம்பி வெச்ச குழந்தைக் கட்டில் வாங்குறப்ப ரெண்டு டெஸ்ட் பண்ணுங்க. கம்பிக்கு நடுவுல இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, ஒரு கூல்ட்ரிங்க்ஸ் கேன் உள்ள போச்சுன்னா குழந்தையோட ஒடம்பும் போகும், தலை மாட்டிக்கும். மெத்தைக்கும் ஓரத்துக்கும் நடுவுல ரெண்டு விரலுக்கு மேல போகக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் கீழ எறங்குற மாடல் பழைய கிரிப்ல உண்டு, அது வேண்டவே வேண்டாம், அமெரிக்காவுல 2011லயே தடை பண்ணிட்டாங்க. பேபி மானிட்டர் வாங்கினா அதோட ஒயர் கிரிப்ல இருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கணும், ஜன்னல் திரை கயிறும் அப்படித்தான்.

குளிருமேங்கிறவங்க போர்வைக்கு பதிலா ஸ்லீப் சேக் பாருங்க, கை மட்டும் வெளிய வர பை மாதிரி இருக்கும். அதுல டாக்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், நம்பர் கூடினா கனம் கூடுதுன்னு அர்த்தம், 0.5 புழுக்கத்துக்கு, 2.5 குளிருக்கு. கழுத்துக்குப் பின்னாடி தொட்டுப் பாத்தா சூடா வேர்வையா இருந்துச்சுன்னா ஒரு அடுக்கை கழட்டுங்க. கை கால் சில்லுன்னு இருக்குறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, பச்சைக் குழந்தைக்கு அது எப்பவுமே அப்படித்தான். கனமா மணி வெச்சு தைச்ச "வெயிட்டட்" சேக் இருக்கு, அதை எடுக்காதீங்க.

படி 4: கார் சீட்

கார் இல்ல, யார் கார்லயும் போக மாட்டீங்கன்னா இந்தப் படியைத் தாண்டிடுங்க. கார்ல போறவங்களுக்கு இது ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வர மொத பயணத்துலயே வேணும், "மடியில வெச்சுக்குறேன்" வேலைக்கு ஆகாது, வண்டி மோதுறப்ப யாரு கையும் தாங்காது.

குழந்தை பின்பக்கம் பாத்து உக்காரணும். காரணம் சிம்பிள், குழந்தைக்கு தலை பெருசு, கழுத்து பிஞ்சு, முன்பக்கம் பாத்து உக்காந்தா மோதுறப்ப தலை முன்னாடி பிச்சுக்கிட்டு போகும், பின்பக்கம் பாத்தா முதுகு, தலை எல்லாத்தையும் சீட்டே தாங்கிக்கும். ஐ-சைஸ்னு சொல்ற ஆர்129ங்கிற கார் சீட் பாதுகாப்பு விதிப்படி வர சீட்டுங்க 15 மாசம் தாண்டுற வரைக்கும் பின்பக்கம்தான். அதுக்கப்புறமும், சீட்டுல போட்டிருக்குற எடை உயர அளவு தாண்டுற வரைக்கும் அப்படியே விடுறது நல்லது. முன்சீட்டுல ஆக்டிவ் ஏர்பேக் இருந்தா அங்க பின்பக்கம் பாக்குற சீட்டை வைக்கவே கூடாது.

விலை கூடுன சீட்டு நல்ல சீட்டுன்னு நினைக்காதீங்க, உங்க நாட்டு பாதுகாப்பு விதியில பாஸ் ஆகி, உங்க கார்ல ஆடாம பொருந்தி, நீங்க தப்பில்லாம மாட்ட முடியுற சீட்டுதான் நல்ல சீட்டு. வாங்குறதுக்கு முன்னாடி உங்க கார்லயே வெச்சுப் பாருங்க. பெல்ட் போகுற இடத்தைப் புடிச்சு ஆட்டுனா ஒரு இஞ்சுக்கு மேல நகரக் கூடாது. வாரு தோள்பட்டை மட்டத்துலயோ கொஞ்சம் கீழயோ வரணும், தோள்ல வாரை ரெண்டு விரலால கிள்ளிப் பாருங்க, மடிப்பு புடிக்க வந்துச்சுன்னா லூஸ். தடிமனான ஜாக்கெட்டோட மாட்டாதீங்க, வாரு இறுக்கமா தெரியும், உள்ள காத்துதான் இருக்கும். மாட்டிட்டு மேல போர்த்துங்க.

செகண்ட் ஹேண்ட் கார் சீட் பத்தி ஒரே வரி: அதோட முழு வரலாறு உங்களுக்குத் தெரிஞ்சா மட்டும். ஒரு பெரிய மோதல்ல இருந்த சீட்டு வெளிய நல்லா தெரியும், உள்ள விரிசல் இருக்கும். எக்ஸ்பைரி தேதியும் உண்டு, அடியில அச்சடிச்சிருக்கும்.

வீட்டுக்குள்ள அதை தூங்க வைக்கிற சீட்டாவும் வெச்சுக்காதீங்க. கார்ல தூங்கிடும், அது சரி. எறங்கினதும் தட்டையான இடத்துக்கு மாத்திடுங்க.

படி 5: துணியும் டயபரும், கணக்கு போட்டு வாங்குங்க

இங்கதான் ஆசை ஜெயிக்கும். குட்டி குட்டியா இருக்குமா, பாத்தாலே எடுக்கத் தோணும். நான் சொல்றது ஒரு பார்முலா: ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாத்துவீங்க, எத்தனை நாளுக்கு ஒரு தடவை துவைப்பீங்க, ரெண்டையும் பெருக்கி ரெண்டு சேத்துக்கோங்க. கக்குற குழந்தைக்கு நாளைக்கு மூணு நாலு மாத்த வேண்டி வரும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை துவைச்சா எட்டு பத்து செட் போதும். அதுக்கு மேல இருக்குறது அலமாரியிலயே சின்னதாயிடும். நியூபார்ன் சைஸை கொஞ்சமா எடுத்து அடுத்த சைஸை கொஞ்சம் அதிகமா எடுங்க, நல்ல எடையோட பொறக்குற குழந்தைக்கு நியூபார்ன் சைஸ் ரெண்டு வாரம் கூட வராது.

துணி எடுக்குறப்ப ராத்திரி மூணு மணிக்கு அரைத்தூக்கத்துல இதைப் போட முடியுமான்னு யோசிங்க. முதுகுல பட்டன் இருக்குற டிசைன் யாரு கண்டுபுடிச்சாங்களோ. முன்பக்கம் ஜிப், அதுவும் கீழ இருந்து திறக்குறது, அதுதான் தெய்வம். தலை வழியா கழட்டுறதை விட தோள்ல மடிப்பு இருக்குறது எடுங்க, ஆய் பிதுங்கி முதுகு வரைக்கும் வந்துடும் சில நாள், அப்ப கழுத்தை அகட்டி கீழ்ப்பக்கமா உருவிடலாம், தலையில பூசாம தப்பிக்கலாம். அந்த மடிப்பு எதுக்கு இருக்குன்னு எனக்கு ஒரு வருஷம் தெரியாது.

டயபர் மொத வாரங்கள்ல நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் போகும். அப்ப வாரத்துக்கு அம்பத்தாறுல இருந்து எம்பத்தி நாலு வரைக்கும். ஆனா பிரசவத்துக்கு முன்னாடி ஒரே பிராண்டுல பெரிய கார்ட்டன் வாங்கிடாதீங்க, உங்க குழந்தைக்கு அது தடிப்பு வருதா, தொடையில ஒழுகுதான்னு தெரியாது. சின்ன பேக் ஒண்ணு ரெண்டு வாங்கிப் பாத்துட்டு அப்புறம் மொத்தமா வாங்குங்க. சைஸ் வயசை வெச்சு கெடையாது, எடையை வெச்சு. தொடையில செவப்பு கோடு விழுந்தா அடுத்த சைஸ். துணி டயபர் யூஸ் பண்றவங்களும் உண்டு, நல்லதுதான், ஆனா துவைக்க ஆளும் காய வைக்க இடமும் இருக்கான்னு பாத்துக்கோங்க, நாங்க பகல்ல துணி, ராத்திரி டிஸ்போசபிள்னு பாதிப் பாதியா ஓட்டினோம்.

பெரிய சதுரமான பருத்தித் துணி ஒரு பத்து வாங்கி வைங்க. தோள்ல போட, கக்குனதைத் துடைக்க, கீழ விரிக்க, வெயில் மறைக்க, எல்லாத்துக்கும் அதுதான். இந்த ஒரு ஐட்டத்தை மட்டும் அதிகமா வாங்கிட்டேன்னு யாரும் வருத்தப்பட்டு நான் பாத்ததில்ல. ஸ்ட்ரோலர் மேல மட்டும் மூடாப்பு போடாதீங்க, உள்ள காத்து போகாம சூடு ஏறிடும்.

படி 6: பால்

தாய்ப்பால் குடுக்கப் போறவங்களுக்கு ஆரம்பத்துல கட்டாயம் வேணும்ங்கிற பொருள்னு கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. பால் எடுக்குற பம்ப் வாங்குறதை தள்ளிப் போடலாம், நீங்க எப்ப வேலைக்குத் திரும்புறீங்க, குழந்தை நேரா குடிக்குதா இல்லையா, இதெல்லாம் தெரிஞ்சப்புறம் கையால அமுக்குறதா, ஒத்த மோட்டாரா, ரெட்டை மோட்டாரான்னு முடிவு பண்ணுங்க. குழந்தை குறைமாசமா பொறந்து தனியா இருந்தா அன்னிக்கே தேவைப்படும், அப்ப ஆஸ்பத்திரியிலயே பெரிய பம்ப் வாடகைக்கோ இலவசமாவோ கெடைக்குமான்னு கேளுங்க. பம்போட வாய்ப்பகுதி சைஸ் பொருந்தலன்னா வலிக்கும், பாலும் சரியா வராது, நிறைய பேர் "எனக்கு பால் இல்ல"ன்னு நினைச்சுக்கிட்டது உண்மையில சைஸ் தப்புதான். பாலூட்டும் ஆலோசகரை ஒரு தடவை பாக்குறது, பத்து ஐட்டம் வாங்குறதை விட மேல்.

புட்டிப்பால்னா, நாலுல இருந்து ஆறு பாட்டில், மெதுவா வர நிப்பிள், ஒரு பிரஷ். ஸ்டெரிலைசர் மெஷின் கட்டாயம் இல்ல, பார்ட் பார்ட்டா கழட்டி தண்ணியில மூழ்க வெச்சு அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டா அதே வேலைதான். பாட்டில் வார்மரும் அப்படித்தான், ஒரு கிண்ணத்துல வெந்நீர் போதும். மைக்ரோவேவ்ல பாலை சூடு பண்ணாதீங்க, ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் சில்லுன்னு இருக்கும். எந்த பாட்டிலையும் ஒரே பிராண்டுல ஆறு வாங்காம மொதல்ல ஒண்ணொண்ணு வாங்கிப் பாருங்க, குழந்தைக்கு எது புடிக்கும்னு குழந்தைக்கு மட்டும்தான் தெரியும்.

படி 7: தூக்கிட்டுப் போறது

நெஞ்சோட கட்டிக்கிற கேரியரா, தள்ளிட்டுப் போற ஸ்ட்ரோலரான்னு கேட்டா, உங்க வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் நடந்து பாத்துட்டு சொல்லுங்க. படிக்கட்டு எத்தனை, லிஃப்ட் இருக்கா, ஓரத்துல நடக்க இடம் இருக்கா, மேடு பள்ளம் எப்படி, கார் டிக்கியில மடிச்சா நுழையுமா. மூணாவது மாடியில லிஃப்ட் இல்லாத வீட்ல பதினஞ்சு கிலோ ஸ்ட்ரோலர் வாங்குன ஒருத்தரை எனக்குத் தெரியும், கண்ணாடியிலதான் தினமும் பாக்குறேன்.

ஸ்ட்ரோலர் எடுத்தா, மொத ஆறு மாசத்துக்கு சீட்டு தட்டையா சாயணும், தலை நிக்காத குழந்தையை நிமிர்த்தி உக்கார வைக்க முடியாது. ரெண்டு தோள், ரெண்டு இடுப்பு, கால் நடுவுலன்னு அஞ்சு இடத்துல மாட்டுற அஞ்சு பாயின்ட் பெல்ட், கையை எடுத்தா உருளாத பிரேக், ஒரே கையால மடிக்க வருதான்னு பாருங்க, மத்தது எல்லாம் கப் ஹோல்டர்தான். கைப்புடியில கனமான பையை தொங்க விடாதீங்க, பின்னாடி கவுந்துடும்.

கேரியர் என்னோட ஓட்டு. அழுற குழந்தை நெஞ்சோட ஒட்டிக்கிட்டா அடங்கும், உங்களுக்கு ரெண்டு கையும் ப்ரீ. ரெண்டு விஷயம் பாருங்க. மூச்சு: முகம் எப்பவும் தெரியணும், முத்தம் குடுக்குற உயரத்துல இருக்கணும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு விரல் போகணும். இடுப்பு: முட்டி இடுப்பை விட கொஞ்சம் மேல, கால் ரெண்டும் எம் எழுத்து மாதிரி விரிஞ்சு, தொடைக்கு அடியில துணி தாங்கணும். கால் நேரா தொங்குற மாதிரி கேரியர் நாள் முழுக்க போட்டா இடுப்பு மூட்டுக்கு நல்லதில்ல, ஸ்வாடில்லயும் இதே விதிதான், கைப்பக்கம் இறுக்கமா இருந்தாலும் காலை மடக்கி ஆட்ட இடம் இருக்கணும்.

படி 8: குளியலும் மருந்துப் பெட்டியும்

தொப்புள்கொடி விழுற வரைக்கும் ஒரு வாரம் ரெண்டு வாரம், சில சமயம் மூணு கூட ஆகும், ஈரத்துணியால துடைச்சா போதும். அப்புறம் ஒரு சின்ன டப். தண்ணி 37 டிகிரி சுமார், முழங்கையில தொட்டுப் பாத்தா சூடும் இல்ல சில்லுப்பும் இல்லங்கிற மாதிரி. குழந்தையை உக்கார வைக்கிற பாத் சீட், மிதக்குற ரிங் எல்லாம் வாங்காதீங்க, அது இருக்குற தைரியத்துலதான் நாம டவல் எடுக்கத் திரும்புவோம், ரெண்டு இஞ்ச் தண்ணியே ஆபத்துக்கு போதும். பவுடர் தேவையில்ல, மூச்சுல போகும்.

மருந்துப் பெட்டியில டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். மூணு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே, நேரம் காலம் பாக்காம டாக்டர்கிட்ட போகணும், காலையில பாத்துக்கலாம்னு விடக் கூடாது. அக்குள்ல வெச்சுப் பாக்குற சாதாரண தெர்மாமீட்டர் போதும், அதுல கூட வந்துச்சுன்னா டாக்டர் பாத்துப்பாங்க. கூடவே மூக்கடைப்புக்கு சலைன் டிராப்ஸ், உறிஞ்சுற பல்ப், நகம் தேய்க்குற ஃபைல், டயபர் தடிப்புக்கு ஜிங்க் கிரீம். முடிஞ்சுது.

படி 9: ஓசியில வந்தாலும் வேண்டாம்னு சொல்ல வேண்டியது

சக்கரம் வெச்ச வாக்கர். இது நடையை சீக்கிரம் கத்துக் குடுக்காது, உண்மையில தள்ளித்தான் போடும், குழந்தை தன் காலையே பாக்காம தள்ளிக்கிட்டு போகும், படிக்கட்டுல உருளும், சூடான பாத்திரத்தை எட்டிப் புடிக்கும். கனடா 2004லயே விக்கக் கூடாதுன்னு தடை போட்டுடுச்சு. நகராம ஒரே இடத்துல நிக்கிற ஆக்டிவிட்டி சென்டர் பரவால்ல, அதுவும் கொஞ்ச நேரம்தான்.

பல் முளைக்கிறப்ப கழுத்துல போடுற அம்பர் மணி மாலை. கழுத்தை இறுக்கும், அறுந்தா தொண்டையில மணி போகும். 2018ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே விட்டுச்சு. ஈர துணியை ஃப்ரிட்ஜ்ல வெச்சு கடிக்கக் குடுங்க.

தலை உருண்டையா வர தலகாணி. இதுக்கும் 2022ல அதே அமைப்போட எச்சரிக்கை இருக்கு. மல்லாக்கவே படுக்குறதால பின்தலை தட்டையாகுறது உண்டுதான், அதுக்கு மருந்து, முழிச்சிருக்குறப்ப நாம பக்கத்துல இருந்து குப்புற போட்டு விளையாட விடுறது, படுக்குற திசையை மாத்துறது. அப்புறம் பவுன்சர், ஸ்விங், கார் சீட்னு ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு நாள் பூரா மாத்திக்கிட்டே இருந்தா தலையும் தட்டையாகும், கழுத்தும் வலுவாகாது. பவுன்சர் ஒண்ணு இருந்தா நீங்க குளிச்சுட்டு வர உதவும், நான் குத்தம் சொல்லல, தரையில வைங்க, மேசை மேல வேணாம், தூங்கிட்டா எடுத்துப் படுக்க வைங்க.

பட்டன் பேட்டரி இருக்குற சத்தம் போடுற பொம்மைல பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வீட்டுக்குள்ளயே விடாதீங்க. முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயை அரிக்க ஆரம்பிச்சிடும்.

ஆக்சிஜன், இதயத் துடிப்பு பாக்குற ஸ்மார்ட் சாக்ஸ் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. நல்லா இருக்குற குழந்தைக்கு தூக்கத்துல வர மரணத்தை இது தடுக்கும்னு நிரூபணம் இல்ல, பொய் அலாரம் அடிச்சு உங்க தூக்கத்தைத்தான் கெடுக்கும். டாக்டர் குறிப்பிட்டு எழுதிக் குடுத்தா அது வேற.

படி 10: பழசு, பரிசு, அப்புறம் அந்த ரெண்டு வார விதி

துணி, டப், ஹை சேர், ஸ்ட்ரோலர், பிளாஸ்டிக் பொம்மை, புத்தகம் எல்லாம் தாராளமா பழசு வாங்கலாம், மொத வருஷத்துல எதுவும் தேயுறதே இல்ல. மாடல் நம்பரை வெச்சு திரும்பப் பெற்ற பொருளான்னு மட்டும் நெட்ல தேடிப் பாருங்க. முழு வரலாறு தெரியாத கார் சீட், பழைய மெத்தை, அடுத்தவங்க யூஸ் பண்ண ஓப்பன் சிஸ்டம் பம்ப் (பால் மோட்டாருக்குள்ள போகாம தடுப்பு இல்லாதது), இது மூணும் வேண்டாம். பம்ப் மோட்டாருக்குள்ள பால் போயிருந்தா கழுவவே முடியாது.

பரிசு குடுக்க கேக்குறவங்ககிட்ட கூச்சப்படாம சொல்லுங்க, "ஒரு வயசு சைஸ் துணி குடுங்க", "டயபர் குடுங்க", "ஒரு நாள் வந்து சமைச்சுக் குடுத்துட்டு போங்க". மூணாவதுதான் எங்களுக்கு கெடைச்சதுல பெருசு. வந்த பெட்டியை உடனே பிரிக்காதீங்க, பில்லும் பெட்டியும் இருந்தா மாத்திக்கலாம்.

குழந்தை வந்தப்புறம் நடுராத்திரி போன்ல "இதை வாங்கினா தூங்கும்"னு ஏதாவது கண்ணுல படும், கை துறுதுறுன்னும். கார்ட்ல போட்டுட்டு ரெண்டு வாரம் விடுங்க. பச்சைக் குழந்தைக்கு ரெண்டு வாரம்ங்கிறது ஒரு யுகம், பாதி பிரச்சனை அதுக்குள்ள தானா மாறியிருக்கும். எங்க கார்ட்ல ரெண்டாவது குழந்தைக்கு பதினொண்ணு சேந்துச்சு, கடைசியில வாங்குனது ரெண்டு: ஒரு ஸ்லீப் சேக், ஒரு மங்கலான செவப்பு நைட் லைட்.

வெளிய போற தேதி வந்த பொருளை வீட்ல தேக்கி வைக்காதீங்க, அடுத்து யாருக்காவது குடுத்துடுங்க. எக்ஸ்பைரி ஆன கார் சீட்டை மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க, குப்பையில போடுறதுக்கு முன்னாடி வாரை கத்தரிக்கோலால வெட்டிட்டு மேல மார்க்கர்ல "யூஸ் பண்ணாதீங்க"ன்னு பெருசா எழுதிடுங்க, இல்லன்னா யாராவது எடுத்துட்டுப் போய் கழுவி மாட்டிடுவாங்க.